குறும்படத்துக்குக் காயம் போடுவது எப்படி

கல்லூரி மாணவர்கள் எடுக்கும் திகில் குறும்படங்களில் ரத்தத்துக்குப் பஞ்சமே இருக்காது. முகம் முழுக்க ஊற்றியிருப்பார்கள். எங்கே அடிபட்டது என்று மட்டும் தெரியாது. பார்ப்பவருக்குப் பயத்துக்குப் பதில் சிரிப்பு வருவது இதனால்தான். கடைக்குக் கிளம்பும் முன் ஸ்கிரிப்டை எடுத்து வைத்து, ஒவ்வொரு காயத்துக்கும் நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். எதனால் பட்டது? எந்தப் பக்கத்திலிருந்து? பட்டு எவ்வளவு நேரமாயிற்று? அப்போது ஆள் நின்றாரா, படுத்திருந்தாரா?

அரிவாளோ கத்தியோ பட்டால் விளிம்பு நேராக, சுத்தமாக இருக்கும். கல், கட்டை, தரை பட்டால் தோல் பிசிறிக் கிழியும், சுற்றிலும் கன்றிப்போகும். தலையில் சின்னதாக வெட்டினாலும் ரத்தம் கொட்டும். முழங்கைச் சிராய்ப்பில் புள்ளி புள்ளியாகக் கசிந்து அங்கேயே நிற்கும். நின்றபடி நெற்றியில் அடி வாங்கியவருக்குப் புருவத்தில் தேங்கி மூக்கோரமாக இறங்கும். மல்லாந்து கிடந்தவருக்குக் காதுப் பக்கம் ஓடும். படுத்துக்கிடக்கும் பிணத்தின் நெற்றியிலிருந்து தாடைக்கு நேராக ரத்தக் கோடு இறங்கியிருந்தால், பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ உதைக்கிறது என்று தெரிந்துவிடும்.

நம் தோலுக்கு நம் நிறம்

இணையத்தில் கிடைக்கும் பயிற்சி வீடியோக்களில் பெரும்பகுதி வெளுத்த தோலுக்கானவை. அதில் சொல்லும் இளஞ்சிவப்பையும் நீலத்தையும் மாநிறத்திலோ கறுத்த தோலிலோ அப்படியே பூசினால், காயம் மாதிரி இருக்காது, கன்னத்துக்கு ரூஜ் போட்ட மாதிரி இருக்கும். நம் தோலில் புதுக் கன்றல் கருஞ்சிவப்பாக, அரக்கு நிறத்தில் தெரியும். ஓரிரு நாளில் ஊதா கலந்த கறுப்பு. சுமார் ஒரு வாரத்தில் ஓரங்களில் பச்சையும் மஞ்சளும் எட்டிப்பார்க்கும். அதுவும் சுத்த மஞ்சளாக இல்லாமல் பாசி நிறத்தில். நேற்று இரவு அடிபட்டதாகக் கதை சொன்னால் மஞ்சளைத் தொடவே வேண்டாம்.

பேயோ பிணமோ என்றால் வெள்ளைப் பவுடர் அப்புவது இன்னொரு பழக்கம். கறுத்த தோலில் ரத்த ஓட்டம் நின்றுபோனால் முகம் வெள்ளையாகாது, சாம்பல் பூத்துப்போகும். நடிகரின் நிறத்துக்கு ஒத்த ஃபவுண்டேஷனில் துளி சாம்பலும் துளி ஆலிவ் பச்சையும் கலந்து மெல்லிசாகப் பூசுங்கள். உதட்டின் சிவப்பை முழுக்க மூடி, மேலே நீலம் கலந்த சாம்பல் கொஞ்சம். காது மடல், கழுத்து, கை நகம் இந்த மூன்றையும் விட்டுவிட்டால் முகமூடி போட்டது போல ஆகிவிடும். குளோஸப்பில் முதலில் மாட்டிக்கொள்வது நகம்தான்.

கன்றலுக்கு க்ரீம் வகை நிறங்கள் வேண்டும். காய வேலைக்கென்றே விற்கும் நான்கைந்து நிற வட்டு ஒன்று போதும். இல்லாவிட்டால் அரக்கு, நாவல்பழ நிற லிப்ஸ்டிக்கும் கறுப்பு ஐ ஷேடோவும் வைத்தே ஒப்பேற்றலாம். பிரஷ் வேண்டாம். ஸ்பாஞ்சைக் கையால் பிய்த்து, அந்தக் கரடுமுரடான முனையால் ஒற்றி ஒற்றி எடுங்கள். கண்ணைச் சுற்றி வட்டமாகப் போடாதீர்கள். ரத்தம் கண்குழியின் உள்மூலையிலும் கீழ்ப் பையிலும்தான் சேரும், அங்கே அடர்த்தி. எலும்பு துருத்தும் இடத்தில் வெளிறல். வீக்கம் காட்ட, மேட்டின் உச்சியில் தோலைவிட ஒரு படி வெளிறிய நிறம், அதன்மேல் துளி வாசலின் பளபளப்பு. கடைசியில் பவுடரை அழுத்தாமல் ஒற்றுங்கள். பளபளப்பு இருக்கும் இடத்தை விட்டுவிடுங்கள்.

நிறத்துக்காக போஸ்டர் கலர், துணிச் சாயம், ஹோலிப் பொடி, மலிவான குங்குமம் எதையும் முகத்தில் வைக்காதீர்கள். ‘அரிதாரம்’ என்று ஒப்பனைக்கே பெயராகிப்போன அந்தச் சொல், உண்மையில் ஆர்சனிக் கலந்த ஒரு மஞ்சள் தாதுவின் பெயர். முன்னோர் பூசியதெல்லாம் பாதுகாப்பானது என்று நினைப்பவர்களுக்கு இது போதும்.

ரத்தம்

பேக்கரி சாமான் விற்கும் கடைகளில் லிக்விட் குளுக்கோஸ் கிடைக்கும்; அதுதான் அடிப்படை. 200 கிராமுக்கு 60 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர். கால் டீஸ்பூன் ராஸ்பெரி ரெட் ஃபுட் கலர் பொடியை அந்தத் தண்ணீரிலேயே முதலில் கரைத்துவிடுங்கள். இரண்டு டீஸ்பூன் கோகோ பொடியைத் தனியாகக் கொஞ்சம் சுடுதண்ணீரில் குழைத்துச் சேர்க்க வேண்டும். நேரே கொட்டினால் கட்டி கட்டியாக மிதக்கும். கோகோ நிறத்தைக் கறுக்க வைக்க மட்டும் அல்ல. சர்க்கரைப் பாகு கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும், ரத்தம் அப்படித் தெரியாது. அந்த மறைப்பைத் தருவது கோகோ. கடைசியாக நீல ஃபுட் கலர் ஒரு துளி, அதிகம் போனால் இரண்டு. மூன்றாவது துளியில் திராட்சை ஜூஸ் ஆகிவிடும்.

கேசரிப் பவுடர் ஆரஞ்சுப் பக்கம் சாயும், தக்காளி சாஸ்தான் கிடைக்கும். ரோஸ்மில்க் எசன்ஸில் வருவது ரோஜா நிறம். பீட்ரூட் சாறு தண்ணீராக ஓடும், ஊதா அடிக்கும், காய்ந்தால் ஒன்றுமே மிஞ்சாது. காய்ந்த பழைய ரத்தத்துக்கு மேற்படி கலவையில் இன்ஸ்டன்ட் காபித் தூள் அரை டீஸ்பூன் கூட்டி, தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். உறைந்த கட்டிக்கு அதே ரத்தத்தில் ஜெலட்டின் போட்டு உறைய வைத்து, ஸ்பூனால் கிள்ளி எடுத்து வைத்தால் பார்க்கவே வயிற்றைப் பிரட்டும்.

ரத்தத்தைக் கண்ணால் பார்த்து ஓகே சொல்லாதீர்கள், கேமராவில் பாருங்கள். மொபைல் கேமராக்கள் சிவப்பைத் தாமாகவே தூக்கிக் காட்டும். வெளிச்சத்தையும் ஒயிட் பேலன்ஸையும் லாக் செய்துவிட்டுச் சோதியுங்கள். அதைவிடப் பெரிய பொறி, நிலா வெளிச்சம் என்று போடும் நீல விளக்கு. நீல ஒளியில் சிவப்பு கறுப்பாகிவிடும். பார்த்துப் பார்த்துக் கலந்த ரத்தம் திரையில் கிரீஸ் மாதிரி இருக்கும். அந்தக் காட்சிக்கு மட்டும் கோகோவும் நீலமும் இல்லாமல், பளிச்சென்று ஆரஞ்சு கலந்த ரத்தம் தனியாகக் கலக்க வேண்டும்.

இரண்டு பாட்டில்கள், இரண்டு லேபிள்கள்: ‘வாய்’, ‘உடம்பு’. வாய்க்குப் போவதில் சாப்பிடும் பொருள் தவிர எதுவும் இருக்கக் கூடாது. உடம்புப் பாட்டிலில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு டீஸ்பூன் சேர்த்தால் துணியில் சீராகப் பரவும், துவைக்கும்போது சுலபமாகப் போகும். அமெரிக்க ஒப்பனைக் கலைஞர் டிக் ஸ்மித்தின் புகழ்பெற்ற ரத்தக் கலவை இன்றும் பல இடங்களில் சுற்றுகிறது. அதில் ஃபிலிம் கழுவப் பயன்படும் ஃபோட்டோ-ஃப்ளோ என்ற ரசாயனம் உண்டு. அது வாய்க்கு ஆகாது. வாயில் உடையும் காப்ஸ்யூல் வேண்டுமென்றால் காலி ஜெலட்டின் காப்ஸ்யூலில் ஷாட்டுக்கு முன் நிரப்புங்கள். முந்தைய நாளே நிரப்பி வைத்தால் தானே கரைந்து ஒழுகும்.

பாகு என்பதால் எறும்பும் ஈயும் வரும். தரையில் ரத்தக் குளம் காட்டும் ஷாட்டை முதலில் எடுத்துத் துடைத்துவிடுங்கள். மீந்ததை ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெளியில் வைத்தால் புளித்துப் பாட்டில் உப்பும்.

லேடெக்ஸும் டிஷ்யூவும்

கிழிந்த தோல், தீக்காயம், அழுகிய சதை எல்லாவற்றுக்கும் லேடெக்ஸ் என்ற ரப்பர் பாலும் டிஷ்யூ தாளும்தான் மலிவான வழி. ஆனால் லேடெக்ஸ் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, ஒத்துக்கொள்ளாமல் போனால் மூச்சுத் திணறல் வரைக்கும் போகும். 24 மணி நேரம் முன்பே நடிகரின் முன்கையின் உள்பக்கம் ஒரு ரூபாய் அளவுக்குத் தடவிப் பாருங்கள். பலூன் ஊதினால், ரப்பர் கையுறை போட்டால் அரிக்கும் என்பவருக்கு அந்தச் சோதனையே வேண்டாம், ஜெலட்டினுக்குப் போய்விடுங்கள். வாழைப்பழம், கிவி சாப்பிட்டால் வாய் அரிப்பவர்களில் சிலருக்கும் லேடெக்ஸ் சேராது; கேட்டுக்கொள்வது நல்லது. பொய் இமை ஒட்டும் பசைகளில் பலவற்றிலும் லேடெக்ஸ் இருக்கிறது.

ஒப்பனைக்கென்று விற்கும் லேடெக்ஸையே வாங்குங்கள். கன்னியாகுமரிப் பக்கமோ கேரளத்திலோ ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒரு கேன் பால் தருகிறேன் என்றால் கும்பிடு போட்டு மறுத்துவிடுங்கள். ஆலைக்கான லேடெக்ஸ் கெட்டியாகாமலிருக்க அமோனியா சேர்ப்பார்கள், 0.7 சதவீதம் வரை. முகத்தில் பூசினால் கண் எரிந்து தண்ணீர் கொட்டும்.

தோலைச் சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலர விடுங்கள். மயிர் அடர்ந்த இடத்தில் லேடெக்ஸ் பூசினால் கழற்றும்போது வேக்ஸிங் செய்த கதைதான். சவரம் செய்யுங்கள், புருவம் பக்கத்தில் இருந்தால் அதை வாசலினால் மூடுங்கள். கண்ணுக்கு அருகே வேண்டாம். ஸ்பாஞ்சால் மெல்லிய பூச்சு. வெள்ளையாக இருப்பது கண்ணாடி போல் தெளியும் வரை காத்திருக்க வேண்டும். அவசரமென்றால் ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வையுங்கள். இரட்டைத் தாளாக இருக்கும் டிஷ்யூவை ஒற்றையாகப் பிரித்து, கத்தரிக்காமல் கையால் கிழித்து ஒட்டி, அதன்மேல் மறுபடி லேடெக்ஸ். இப்படி நான்கு அடுக்கு. ஒவ்வொரு அடுக்கும் முந்தையதைவிடச் சின்னதாக இருக்கட்டும். அப்போதுதான் ஓரம் மெல்லிசாகித் தோலோடு கலக்கும். ஓரம் தடித்துத் தெரிந்தால் தவறு பெயிண்டில் இல்லை, இங்கேதான் நடந்திருக்கிறது.

கடைசி அடுக்கு காய்ந்ததும் பவுடர் போடுங்கள். மறந்தால் லேடெக்ஸ் தன்னோடு தானே ஒட்டிச் சுருண்டுகொள்ளும், பிரிக்க முடியாது. பிறகு நடுவில் விரலால் கிள்ளித் தோலிலிருந்து தூக்கி, மொட்டை முனைக் கத்தரிக்கோலால் சின்னதாக வெட்டி, மிச்சத்தைக் கையால் கிழியுங்கள். பிளேடு வேண்டாம்.

நிறம் உள்ளிருந்து வெளியே வரட்டும். மிக ஆழமான இடத்தில் கறுப்பு கலந்த அரக்கு, அதைச் சுற்றிச் சிவப்பு, கிழிந்த மடிப்பின் உள்விளிம்பில் வெளிறிய ரோஸ், மடிப்பின் மேல்பக்கம் நடிகரின் ஃபவுண்டேஷன், வெளியே கன்றல். ரத்தம் கடைசி, அதுவும் குழியில் இரண்டு துளி. ஈரமாக மின்ன வேண்டியது குழிக்குள் மட்டும்தான். க்ரீமில் உள்ள எண்ணெய் லேடெக்ஸை மெல்ல அரிக்கும், ஒரு நாள் படப்பிடிப்புக்குப் பாதகமில்லை. லேடெக்ஸ் பூச ஸ்பாஞ்சுக்குப் பதில் பிரஷ் பயன்படுத்தினால் முதலில் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பிரஷ்ஷுக்கு அதுவே கடைசி நாள்.

தீக்காயத்துக்கு இதே முறையில் டிஷ்யூவைக் கசக்கி ஒட்டிச் சுருக்கங்களை விட்டுவிடுங்கள். அங்கங்கே ஓட்டை கிழித்து உள்ளே சிவப்பும் வாசலினும், மேடுகளில் மட்டும் கறுப்பு. முழுக்கக் கறுப்படித்தால் கரி பூசிக்கொண்டவர் போலத்தான் இருக்கும்.

ஜெலட்டின்

தோலின் நெகிழ்வும் ஈரமும் ஜெலட்டினில் வருவது போல லேடெக்ஸில் வராது. கடையில் கேட்கும்போது கவனம், பல இடங்களில் கடல்பாசியைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அது வேறு பொருள்: உருகவே 85 டிகிரி சூடு வேண்டும், மடங்கினால் விண்டுபோகும். இன்னொன்று, ஜெலட்டின் மாடு, பன்றி போன்றவற்றின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வருவது. நடிகரிடம் முன்பே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள்.

ஜெலட்டின் பொடி, கிளிசரின், தண்ணீர் மூன்றும் இரண்டிரண்டு டேபிள்ஸ்பூன். கலந்து 15 நிமிடம் ஊற விட்டு, கொதிக்கும் தண்ணீரில் கிண்ணத்தை வைத்து உருக்குங்கள். கலவை கொதிக்கக் கூடாது. கொதித்தால் நுரை ஏறி உள்ளே குமிழி நிற்கும், பிடிமானமும் போகும். மேலே மிதக்கும் நுரையை ஸ்பூனால் வழித்துவிடுங்கள். நடிகரின் ஃபவுண்டேஷனைத் துளி கலந்து, சிவப்புக் கம்பளி நூலைப் பொடியாக நறுக்கித் தூவினால் உள்ளே நரம்போடும் தோல் மாதிரி இருக்கும்.

எண்ணெய் தடவிய எவர்சில்வர் தட்டில் ஊற்றி, கெட்டியாகத் தொடங்கும்போது ஸ்பூன் முனையால் வெட்டு, மேடு, பள்ளம் எல்லாம் போடலாம். ஓரத்தை முடிந்தவரை மெல்லிசாக இழுத்து விடுங்கள். ஃப்ரிட்ஜில் 15 நிமிடம். பவுடர் தூவி உரித்தெடுத்து, தோலில் ஸ்பிரிட் கம் தடவி விரலால் தட்டி, பிசுபிசுப்பு ஏறியதும் ஒட்டுங்கள். மீசை ஒட்ட நாடகக்காரர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தும் அதே பசைதான். சுடுதண்ணீரில் நனைத்த பிரஷ்ஷால் ஓரத்தை வருடினால் ஜெலட்டின் கரைந்து தோலோடு வழுக்கிக் கலந்துவிடும். லேடெக்ஸில் இந்த வித்தை நடக்காது.

நேரே தோலில் ஊற்றி வடிப்பதும் உண்டு. அப்படியானால் சமையல் தெர்மாமீட்டரில் 40 டிகிரிக்குக் கீழ் இறங்கிய பிறகுதான், அதுவும் முதலில் உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பார்த்துவிட்டு. உருகிய ஜெலட்டின் ஒட்டிக்கொண்டு சூட்டை விடாது, வெந்நீர் போலத் தட்டிவிட முடியாது.

இதன் பகை வெயில். தண்ணீர் நிறைந்த ஜெலட்டின் உடம்புச் சூட்டுக்கு அருகிலேயே இளகத் தொடங்கும். மே மாத மொட்டைமாடியில் காயம் கன்னத்திலிருந்து தாடைக்கு நடந்துபோகும். வெளிப்புறப் படப்பிடிப்பென்றால் அளவை மாற்றுங்கள்: ஜெலட்டின் 2, தண்ணீர் 1, கிளிசரின் 3. ஊறும் நேரத்தை ஒரு மணி ஆக்குங்கள். ஒட்டும் இடத்தில் துணியில் சுற்றிய ஐஸை இரண்டு நிமிடம் வைத்துத் துடைத்தபின் ஒட்டினால் வியர்வை தாமதமாகும். குளோஸப்புகளைக் காலையிலேயே முடித்துவிட்டு, மதியத்துக்கு வைடு ஷாட்களை வையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு காயத்துக்கு இரண்டு பிரதிகள்: ஒன்று ஒட்ட, ஒன்று ஐஸ் பெட்டியில்.

ஒரே காயம் பல நாட்களுக்கு வேண்டுமென்றால் களிமண்ணில் செய்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்செடுக்கலாம். அந்த ஆசையில் கையையோ முகத்தையோ நேரே பிளாஸ்டருக்குள் விடாதீர்கள். கெட்டியாகும்போது அதன் சூடு 60 டிகிரி வரை ஏறும், வெளியே இழுக்கவும் முடியாது.

பீய்ச்சும் ரத்தம்

மருந்துக்கடையில் புதிதாக ஒரு ஐவி செட் (குளுக்கோஸ் ஏற்றும் டியூப்), 50 மில்லி சிரிஞ்ச். ஊசியை அங்கேயே தூக்கிப் போட்டுவிடுங்கள், படப்பிடிப்பு நடக்கும் இடத்துக்கு அது வரவே கூடாது. டியூபை உடைக்குள் ஓட்டி, முனையைக் காயத்துக்கு அடியில் மருத்துவ டேப்பால் ஒட்டி, அதன்மேல் ஜெலட்டினை வையுங்கள். பாகு ரத்தம் இந்தக் குழாயில் ஏறாது, பாதிக்குப் பாதி தண்ணீர் விட வேண்டும். ஷாட்டுக்கு முன்பே டியூபின் முனை வரை ரத்தத்தை நிரப்பி வையுங்கள். உள்ளே காற்று இருந்தால் முதலில் ‘புஸ்’ என்று குமிழி வரும், டேக் வீண். ஒரே மூச்சில் அழுத்தினால் தண்ணீர்க் குழாய் உடைந்த மாதிரி இருக்கும். நாடித்துடிப்பின் கணக்கில், நிமிடத்துக்கு நூறு போல, விட்டு விட்டு அழுத்தி, போகப் போகப் பலத்தைக் குறையுங்கள். ஒத்திகையைத் தண்ணீரில் பாருங்கள். சட்டை ஒன்றுதான் இருக்கும்.

வெடி வைத்துத் தெறிக்கவிடும் குண்டடி வேலை மாணவர் படத்துக்கானது அல்ல. காயத்தில் குத்தி நிற்கும் கண்ணாடிக்கு நிஜக் கண்ணாடியும் வேண்டாம், சர்க்கரைக் கண்ணாடியும் வேண்டாம். சர்க்கரையும் உடைந்தால் கிழிக்கும், கடலோர ஊரின் ஈரக் காற்றில் சீக்கிரமே பிசுபிசுத்தும் போகும். தடித்த ஓஹெச்பி ஷீட்டை, அதாவது கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் பிளாஸ்டிக் தாளை, முக்கோணமாக வெட்டி, முனைகளை மழுக்கி, ஜெலட்டினுக்குள் செருகினால் கேமராவுக்குப் போதும். பேய்க் கண்ணுக்கு நிற லென்ஸ் என்றால் கண் மருத்துவரிடம் காட்டி, நடிகரின் அளவுக்கு வாங்கியது மட்டும். ஒருவர் போட்டதை இன்னொருவருக்குப் போடவே கூடாது. முடியாவிட்டால் எடிட்டிங்கில் நிறம் மாற்றிக்கொள்ளலாம்.

செட்டில்

ஒட்டி முடித்ததும் நேராக, இடம், வலம், மேலிருந்து என நான்கு படங்கள் எடுத்து, காட்சி எண்ணோடு சேமியுங்கள். ஒவ்வொரு இடைவேளைக்குப் பிறகும் அதை வைத்து ஒப்பிடுங்கள். மதிய உணவுக்குப் பிறகு ரத்தக் கோடு இடது கன்னத்திலிருந்து வலதுக்குத் தாவுவது ரொம்பச் சாதாரணமாக நடக்கும். காயம் பட்டவரை ஆட்டோவிலோ டீக்கடைக்கோ அழைத்துப் போகும்போது துண்டால் மூடுங்கள். பொது இடத்தில் எடுப்பதானால் உரிய அனுமதி வாங்கி, பக்கத்துக் காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்; ரத்தம் சொட்டும் சட்டையையும் அட்டை அரிவாளையும் பார்த்து யாராவது 108-க்கோ 100-க்கோ போன் போட்டால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

கழற்றுவதற்கு 20 நிமிடம் ஒதுக்குங்கள். எல்லோரும் லைட்டைச் சுருட்டும் அவசரத்தில் நடிகர் தானே பிய்த்துக்கொள்வார், நிஜக் காயம் அப்போதுதான் வரும். லேடெக்ஸின் ஓரத்தில் தேங்காயெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் விட்டு, விரலால் உருட்டினால் தானே வரும். ஸ்பிரிட் கம்முக்கு அதற்கான ரிமூவர் உண்டு. ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் கரைக்கும், ஆனால் கண்ணருகே கொண்டு போகாதீர்கள். ஜெலட்டினுக்கு வெந்நீர்த் துணி. ஃபுட் கலர் தோலில் பிடித்திருந்தால் எண்ணெய், பிறகு சோப்பு, பிறகு மறுபடி எண்ணெய். அடியில் ஃபவுண்டேஷன் போட்டு ஆரம்பித்திருந்தால் இந்தப் பாடே இருக்காது. அடுத்த நாளும் அதே இடத்தில் ஒட்ட வேண்டியிருந்தால் காலையில் தோலைப் பாருங்கள். சிவந்து தடித்திருந்தால் அந்த இடத்துக்கு அன்று ஓய்வு, அன்றைய ஷெட்யூலில் மறுபக்கக் கன்னம் தெரியும் ஷாட்கள்.